வடிகட்டியின் தீட்டு

கலப்படம், மாசு, தீட்டு: நமக்கு மூன்றும் மூன்று சொற்கள். சேலத்து ஜவ்வரிசியில் மக்காச்சோள மாவைச் சேர்த்தால் அது கலப்படம். அங்கே ஒரு வியாபாரியும் அவன் லாபமும் உண்டு. திருமணிமுத்தாற்றில் சாயக்கழிவு இறங்கினால் மாசு. தீட்டு வேறு. அது பொருளில் இல்லை. தொட்டது யார் என்ற தீர்ப்பில் இருக்கிறது. கைக்குழந்தைகளின் குடல் வைரஸ்களை மரபணு வரிசையாக வாசிக்கும் ஆய்வுகள் இவை எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நடக்கின்றன. அந்த ஆய்வுகளைத் தீட்டு என்ற சொல்லின் பக்கமிருந்து வாசிக்க வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் செய்முறை. மலத்தைக் கரைத்து, நுண்துளை வடிகட்டியில் விட்டு, பாக்டீரியாவை நிறுத்திவிடுகிறார்கள். கீழே இறங்கியதிலிருந்து டி.என்.ஏ.வைச் சிலிக்கா அடைத்த சின்னக் குழாயில் பிடித்து, கழுவி, நொதி வைத்துப் பெருக்கி, எந்திரத்தில் எழுத்தெழுத்தாக வாசிக்கிறார்கள். ஏறக்குறைய ஒவ்வொரு படியும் ஒரு சுத்திகரிப்பு. கோளாறு புகுவதும் அங்கேதான்.

2013இல், காரணம் தெரியாத கல்லீரல் அழற்சி கண்ட சீன நோயாளிகளில் பத்துக்கு ஏழு பேரிடம் புது வைரஸ் ஒன்று இருப்பதாகக் கட்டுரை வந்தது. அதே ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் அது நோயாளிகளுடையதே அல்ல, டி.என்.ஏ.வைப் பிடிக்கும் சிலிக்காக் குழாயிலேயே இருந்தது என்று காட்டினார்கள். சிலிக்கா ஓடு கொண்ட டயட்டம் என்ற நுண்பாசியோடு வந்திருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். கழுவ வந்த கையின் அழுக்கு, கழுவப்பட்ட உடம்பின் பெயரில் பதிவாகிவிட்டது. தீட்டு என்ற ஏற்பாடு காலங்காலமாகச் செய்துவருவதும் இதைத்தானே?

பச்சைக் குழந்தை விஷயத்தில் இது இன்னும் மோசம். காட்டுப்பீ என்று நம்ம கிழவிகள் சொல்கிற முதல் மலத்தில் வைரஸ் அநேகமாகக் கிடையாது. 2008இல் ஒரே ஒரு குழந்தையை வைத்து நடந்த ஆய்வில், முதல் வாரக் கடைசிக்குள் கிராமுக்கு 10 கோடித் துகள்கள் வந்திருந்தன. 2020இல் வந்த பெரிய ஆய்வு ஒரு மாதத்தில் 100 கோடி என்கிறது. ஆக முதல் நாட்களின் மாதிரி கிட்டத்தட்ட வெறுமை. வெறுமையைப் பெருக்கினால் குழாயின் குரல்தான் கேட்கும். ஒரு வேடிக்கை: இலுமினா எந்திரங்களில் சரிபார்ப்புக்காகச் சேர்க்கும் ஃபை-எக்ஸ் 174 (1977இல் சாங்கர் குழு முழுசாக வாசித்த, ஐயாயிரத்துச் சொச்சம் எழுத்துள்ள வைரஸ்) எந்தக் குடும்பமோ, அந்தக் குடும்பத்து வைரஸ்கள் குழந்தைக் குடலில் நிஜமாகவே இருக்கின்றன. வேற்றாள் வந்தால் பிடித்துவிடலாம். பங்காளி வேஷத்தில் வந்தால்?

எனக்கு முக்கியமாகப் படுவது, சந்தேகம் யார் மேல் விழுகிறது என்பது. நாமக்கல் கோழிப்பண்ணை ஓரத்துக் குழந்தையின் மலத்தில் கோழி வைரஸின் எழுத்துகள் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். 'அந்த ஊரே அப்படித்தான், கோழி எருவும் ஈயும்' என்று முடித்துவிடுவது எத்தனை சுலபம்! கோபன்ஹேகன் குழந்தையிடம் அதே எழுத்து கிடைத்தால், முதலில் கிட் டப்பாவைத் திருப்பிப் பார்ப்பார்கள். நடுவில் மூன்றாவது சாத்தியமும் உண்டு: சாப்பாடு. 2006இல் ஆரோக்கியமான பெரியவர்களின் மலத்தில் அதிகமாகக் கிடைத்த ஆர்.என்.ஏ. வைரஸ் மிளகாய்ச் செடியுடையது. 2012இல் ஹாங்காங்கில் ஒரு கைரோவைரஸ் மனித மலத்திலும் கோழிக்கறியிலும் சேர்ந்தே கிடைத்தது. தின்றது வேறு, தொற்றியது வேறு, குழாயில் இருந்தது வேறு. வறுமையைப் பற்றி ஏற்கெனவே ஒரு கதையாடல் கையில் இருந்தால் மூன்றும் ஒன்றாகிவிடும்.

கலப்பெல்லாம் பிழையும் அல்ல. 1980களில் டெல்லி எய்ம்ஸில், பச்சைக் குழந்தைகளை வைத்திருந்த அறையில், நோய்க்குறியே இல்லாமல் பரவிய ரோட்டா வைரஸ் 116இ. அதன் மரபணுக்களில் ஒன்று மாட்டு வைரஸிலிருந்து வந்தது. அதுதான் ரோட்டாவாக் தடுப்பு மருந்து. தமிழ்நாட்டில் 2017இல் குழந்தைகளுக்குக் கொடுக்கத் தொடங்கியதும் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்துதான். தூய்மைவாதிகள் கவனிக்கட்டும்.

வேலூரின் சேரிப் பகுதிகளில் 2002 முதல் குழந்தைகளைப் பிறப்பிலிருந்து மூன்று வருஷம் பின்தொடர்ந்தார்கள்; 373 பேர் கடைசிவரை இருந்தார்கள். ரெண்டு வாரத்துக்கொரு தடவை மல மாதிரி. அந்த அம்மாக்களின் உழைப்பு கட்டுரைகளில் 'மாதிரி' என்ற ஒரே சொல்லாகச் சுருங்கிவிடுகிறது. அங்கே தேடியது தெரிந்த ஒரு வைரஸை. இன்று எல்லாவற்றையும் வாசிக்கிறேன் என்று வருகிறவனுக்கோ பொறுப்பு கூடுதல். மலமே போடாத காலிக் குழாயையும் அதே கிட்டில், அதே நாளில் ஓட்டி வாசித்தாக வேண்டும்.

காலிக் குழாயில் கண்டதையெல்லாம் பட்டியலிலிருந்து அடித்துவிடுவதும் சரியில்லை. அது இன்னொரு சடங்கு. பக்கத்துக் குழந்தையின் மாதிரி காலிக் குழாய்க்குள் சிந்தியிருக்கலாம். அப்போது அடிபடுவது குழந்தையின் நிஜ வைரஸ். பெயர் ஒன்றாக இருந்தால் போதாது. எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று ஒப்பிட வேண்டும். பெருக்கும் நொதி சின்ன வட்ட டி.என்.ஏ.க்களை ஊதிக்காட்டும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

நம் பக்கத்துக் கிராமங்களுக்கு டப்பாவோடு வருகிறவர்களிடம் இயக்கத் தோழர்கள் ஒப்புதல் படிவத்தை மட்டும் கேட்கிறார்கள். கூடவே கேளுங்கள்: எத்தனை காலிக் குழாய் ஓட்டினீர்கள்? எந்தக் கிட், எந்தத் தொகுதி எண்? அந்தக் குழாய்களின் எழுத்துகளை எங்களுக்கும் காட்டுவீர்களா?