ரிமோட் தொலைந்தாலும் விளக்கு எரிய வேண்டும்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டில் பெரும்பகுதி இடம் தறிக்கே போய்விடும். குழித்தறியில் உட்கார்ந்தவரின் கால்கள் குழிக்குள் மிதிமேல் இருக்கும்; மடிக்கு முன்னால் நெய்த புடவை இறுகி நிற்கும். பொழுது சாய்ந்ததும் விளக்கைப் போட, நாடாவை வைத்துவிட்டுக் குழியிலிருந்து ஏறி வர வேண்டும். வீட்டு விளக்குக்கு ரிமோட் கேட்பது சோம்பேறித்தனம் என்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும். மூட்டுவலிக்காரர்களுக்கும் இந்த வசதி பேருதவி.

ஆனால் தேவை நியாயமானது என்பதால் சந்தையில் வரும் கருவியெல்லாம் நியாயமாகிவிடாது. டிவி ரிமோட்டில் உள்ள அகச்சிவப்புக் கதிர் நேர்க்கோட்டில்தான் பாயும். ஜக்கார்டு பெட்டியும் தறிச்சட்டமும் மறைத்தால் வேலை செய்யாது. வைஃபை ஸ்விட்சுகளில் பல, நிறுவனத்தின் சர்வரை நம்பியவை. இணையம் போனால் செல்போன் கட்டளையும் போய்விடும். 433 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ ரிமோட் சட்டங்களையும் சுவரையும் தாண்டும், இணையமும் கேட்காது. ஒவ்வொரு ரிமோட்டுக்கும் தனிக் குறியீடு இருந்தால் போதும். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு ரிமோட்டுக்கும் நம் விளக்கு எரியும்.

மின்சாரம் மிச்சமாகும் என்ற விளம்பரத்தையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கட்டளைக்குக் காத்திருக்கவே ஒரு வாட் எடுக்கும் கருவி, இரண்டு மாதத்தில் 1.44 யூனிட் செலவழிக்கும். தினம் ஐந்து மணி நேரம் எரியும் 9 வாட் எல்இடி விளக்குக்கே அதே காலத்தில் 2.7 யூனிட்தான். ஆக, லாபம் வசதியில் மட்டுமே.

பெரிய குறை வேறு: பல வடிவமைப்புகள் சுவர் ஸ்விட்சைச் செயலற்றதாக்குகின்றன. ரிமோட்டில் பேட்டரி தீர்ந்தால் வீடே இருட்டு. இதற்கான தீர்வு மாடிப்படி ஒயரிங்கில் ஏற்கெனவே இருக்கிறது. சுவரில் ஒரு டூ-வே ஸ்விட்ச்; இரண்டாவது ஸ்விட்சின் இடத்தில், இருபக்கமும் மாறும் ரிலே. ரிமோட் ரிலேயை மாற்றும், கை ஸ்விட்சை மாற்றும். ரிலேயை இயக்கும் சர்க்யூட் செத்தாலும் சுவர் ஸ்விட்ச் விளக்கைப் போடும், அணைக்கும். சர்க்யூட்டுக்கு நியூட்ரல் வேண்டும். போர்டில் பிளக் பாயிண்ட் இருந்தால் அதிலேயே கிடைக்கும். ரிலே வெட்டுவது பேஸ் ஒயரையாக இருப்பது கட்டாயம்.

புராஜெக்ட்டுக்காக இதைச் செய்யும் பாலிடெக்னிக், பொறியியல் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: செயல்விளக்கத்தை ரிமோட்டில் பேட்டரி இல்லாமல் தொடங்குங்கள். அப்போதும் விளக்கு எரிந்தால்தான் அது வீட்டுக்கு ஏற்ற கருவி.