நெருக்கம் குற்றமா?

வெற்றிமாறனின் ‘வட சென்னை’ (2018) கத்திகளுக்காகவே பேசப்பட்டது. ஆனால் அதன் உயிர்நாடி, சாலைத் திட்டத்திற்காகக் குடியிருப்பை விட்டுக்கொடுக்க மறுக்கும் மீனவ மக்களிடமே உள்ளது. நெருங்கிய வீடுகளைத் திட்டமிடுவோர் நோயாகவே காண்கின்றனர். மறைந்த திருத்தந்தை பிரான்சிசோ, ‘லவுதாத்தோ சீ’ சுற்றுமடலில் (2015), நெரிசலையே ஏழைகள் உறவாக மாற்றிக்கொள்வதைப் போற்றுகிறார். இயக்குநரும் அதைக் கண்டிருக்கிறார். சந்துகளே ஊருக்கு அரணாவது படத்தில் மெய்யாகவே தெரிகிறது.

எனினும், பகையை மனிதரிடம் மட்டுமே தேடியது குறைதான். படம் வருவதற்கு முந்தைய ஆண்டு, 2017 சனவரியில், எண்ணூர்க் கடலில் கப்பல்கள் மோதி எண்ணெய் படர்ந்தது. 2023 திசம்பரில் வெள்ளத்தோடு மீண்டும் வந்தது. இருமுறையும் பிழைப்பிழந்தோர், மிகக் குறைந்த நிலத்தில் கூரையோடு கூரை உரச வாழ்வோரே. அனல்மின் நிலையச் சாம்பலைக் கொட்டுவதற்கு மட்டும் அங்கே இடநெருக்கடி இருந்ததில்லை!