மனையடி: திசைக்குச் சரி, அளவுக்கு?

அரை கிரவுண்டு மனையைப் பதிவு செய்த கையோடு பல தமிழ்க் குடும்பங்கள் முதலில் போவது வாஸ்து பார்ப்பவரிடம். அதற்குப் பிறகுதான் இன்ஜினீயர். இப்போது பல இன்ஜினீயர்கள் அந்த அலைச்சலையும் மிச்சப்படுத்தி, வாஸ்துவையும் சேர்த்தே பிளான் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். மனையடி சாஸ்திரம் என்ற பெயரில் மலிவு விலைப் புத்தகங்கள் விற்கின்றன. பஞ்சாங்கங்களிலும் அடிக்கணக்குப் பலன்கள் அச்சாகின்றன. நம்புகிறவர், நம்பாதவர் என்ற வேறுபாடு இல்லாமல் நம் ஊர் வீடுகளின் பிளானில் இதன் கை இருக்கிறது. இதை மூடநம்பிக்கை என்று ஒரே வரியில் தள்ளுவதாலும், முன்னோர் அறிவியல் என்று கொண்டாடுவதாலும் வீடு கட்டப்போகிறவருக்குப் பயனில்லை. எது உதவுகிறது, எது கெடுக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

அதற்கு இப்போது அவசரமும் கூடியிருக்கிறது. 2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட இணையவழியே உடனடி அனுமதி கிடைக்கிறது. அலைச்சல் குறைந்தது நல்லது. ஆனால் பிளானின் நிறைகுறைகளுக்கு வீட்டுக்காரரே முழுப் பொறுப்பு என்பதும் இதோடு சேர்ந்தே வருகிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். கடைக்கால் எடுப்பதற்கு முன்பே முழு மனையையும் ஒன்றாகப் பார்க்க வைப்பது வாஸ்துவின் பெரிய பலம். மயமதம் போன்ற சிற்ப நூல்கள் மனையை 64 அல்லது 81 கட்டங்களாகப் பிரித்த பிறகே எது எங்கே என்று பேசுகின்றன. ஹாலை வரைந்துவிட்டு, மிஞ்சிய இடத்தில் பாத்ரூமைச் செருகும் பழக்கத்தைவிட இது எவ்வளவோ மேல். வடக்கிலும் கிழக்கிலும் கூடுதலாக இடம் விடு என்ற விதியால் காலை வெளிச்சம் வீட்டுக்குள் வருகிறது. தண்ணீர்த் தொட்டி ஈசானியமான வடகிழக்கில், கழிவுநீர்த் தொட்டி வாயு மூலையான வடமேற்கில் என்று பிரித்து வைப்பதால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் அமைந்துவிடும் ஆபத்து குறைகிறது. மாமியார், மருமகள், அண்ணன், தம்பி என ஆளுக்கொரு கருத்துள்ள வீட்டில் சண்டையை முடித்துவைக்கவும் ஒரு பொதுவிதி உதவுகிறது. நாளை வீட்டை விற்க நேர்ந்தால் வாங்க வருபவரும் இதைத்தான் கேட்பார்.

சிக்கல், விதியின் காரணத்தை மறந்துவிட்டு மூலையை மட்டும் பிடித்துக்கொள்வதில் தொடங்குகிறது. சமையலறை அக்னி மூலையில், அதாவது தென்கிழக்கில் என்பது எல்லோரும் அறிந்த விதி. கோயம்புத்தூரில் ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று அடிக்கிறது. அங்கே தென்கிழக்கு அடுப்பின் புகையும் தாளிப்பு நெடியும் பெரும்பாலும் வெளியே போய்விடும். சென்னையில் கோடைப் பிற்பகலின் கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வருகிறது. அங்கே அதே மூலையில் அடுப்பு இருந்தால், மிளகாய் வறுத்த நெடி ஹாலைத் தாண்டிப் படுக்கையறை வரை போகும். காற்று ஊருக்கு ஊர் மாறுகிறது, விதி மாறவில்லை.

தெருப் பக்கத்தையும் பாருங்கள். கிழக்குப் பார்த்த மனைக்குத் தனி மவுசு. அந்த மனையில் தென்கிழக்கு என்பது தெருவோரம். எனவே சமையலறை வாசலுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. பாத்திரம் தேய்க்கவும் துணி துவைக்கவும் வசதியான கொல்லைப்புறம் வீட்டின் மறுகோடியில் இருக்கிறது. இந்த இடைஞ்சலுக்கு வாஸ்துவே வடமேற்கை மாற்றாகச் சொல்கிறது. ஆனால் அந்த மாற்றைக் கேட்டு வாங்குபவர்கள் குறைவு.

குடும்பத் தலைவரின் படுக்கையறை தென்மேற்கில், கன்னி மூலையில் என்பது அடுத்த விதி. நம் கோடையில் உச்சி வெயில் ஏறக்குறைய தலைக்கு மேலே நிற்பதால் தெற்குச் சுவர் அவ்வளவு காய்வதில்லை. காய்வது மேற்குச் சுவர். மதியம் முழுக்க வாங்கிய சூட்டை ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் இரவில்தான் உள்ளே விடுகிறது. பகலில் ஆளில்லாத அறை, ஆள் படுக்கும் நேரத்தில் கொதிக்கிறது. மாடிப்படி, ஸ்டோர் ரூம், கப்போர்டு ஆகியவற்றை மேற்குச் சுவரோரம் அடுக்கினால் இந்தச் சூடு பெருமளவு தடுக்கப்படும். மேற்கும் தெற்கும் கனமாக இருக்கட்டும் என்று வாஸ்துவே சொல்வதால், படிக்கட்டை அங்கே கொண்டுபோக அதில் தடையும் இல்லை. ஆக, திசை விதிகளைப் பொறுத்தவரை காரணத்தோடு படித்தால் வழி கிடைக்கிறது.

அளவு விதிகளில் அந்த வழியும் அடைபடுகிறது. பரவலாக அச்சாகும் பட்டியலின்படி அறையின் உள்ளளவு 6, 8, 10, 11, 16, 17, 20 அடி என்றால் நல்லது. 7, 9 ஆகாது. 12 முதல் 15 வரை ஆகவே ஆகாது. 18, 19ம் கூடாது. அதாவது பதினொன்றுக்கும் பதினாறுக்கும் நடுவே ஓர் எண்கூடத் தேறவில்லை. நடுத்தரக் குடும்பத்தின் அறைகளுக்குப் பொருத்தமான அளவுகளோ பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் இருக்கின்றன.

30க்கு 40 மனை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பக்கங்களில் விடும் இடம் போக வீட்டின் வெளி அகலம் 24 அடி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வெளிச்சுவருக்கு ஒன்றரை அடி, நடுச்சுவருக்கு நாலரை அங்குலம் கழித்தால் உள்ளே மிஞ்சுவது 22 அடிச் சொச்சம். இதை ஹாலுக்கும் சமையலறைக்கும் பிரிக்க வேண்டும். ஹாலுக்கு 13, சமையலறைக்கு 9 என்பது இயல்பான பிரிவு. பட்டியலில் 13 பகை, 9 ஆயுள் குறைவு. 14, 8 என்றால் 14 ஆகாது. 12, 10 என்றால் 12 ஆகாது. மிச்சம் இரண்டே வழி: 11, 11 அல்லது 16, 6. முதலாவதில் சமையலறை தேவைக்கு மேல் பெரிது, ஹால் குறுகல். சோபாவுக்கு மூன்றடி, டிவி அலமாரிக்கு ஒன்றரை அடி போனால், உட்காரவும் நடக்கவும் ஆறரை அடிதான். இரண்டாவதில் ஆறடிச் சமையலறை. மேடைக்கு இரண்டடி போக நான்கடியில் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தால் இன்னொருவர் கடந்து போக முடியாது.

படுக்கையறையிலும் இதே கதைதான். 10க்கு 10 என்பது பட்டியலுக்கு மிகவும் பிடித்த அறை. ஆறரை அடி நீளக் கட்டிலைப் போட்டு, கால்மாட்டில் இரண்டடி ஆழக் கப்போர்டு வைத்தால் நடுவே ஒன்றரை அடி. கப்போர்டு கதவு கட்டிலில் இடிக்கும். நீளத்தை 12 ஆக்கினால் மூன்றரை அடி கிடைக்கும். ஆனால் 12க்குச் ‘செல்வம் அழியும்’ என்று பலன். தேசியக் கட்டட விதித்தொகுப்பு வீட்டில் ஓர் அறையாவது 9.5 சதுர மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது. 10க்கு 10 அறை சுமார் 9.3 சதுர மீட்டர். அதற்கும் சற்றுக் குறைவு. கப்போர்டைச் சுவர் மாடத்துக்குள் தள்ளி, ‘இது அறைக் கணக்கில் வராது’ என்று சொல்லித் தரும் வாஸ்துக்காரர்களும் உண்டு. விதியை மீறாமல் விதியிலிருந்து தப்பிக்கும் வழி அது. அப்படித் தப்பிக்க வேண்டியிருப்பதே விதியின் குறையைச் சொல்லிவிடுகிறது.

இந்தப் பட்டியலைப் பழைய நூல்களின் தலையில் கட்டுவதும் எளிதல்ல. சிற்ப நூல்களின் ஆயாதிக் கணக்கு முழத்திலும் அங்குலத்திலும் அளந்து, பெருக்கி வகுத்து, மீதியைப் பார்ப்பது. நாம் இன்று பிடிக்கும் டேப்போ ஆங்கில அடிக்கணக்கு. ஒன்றின் பெருமையை மற்றதற்கு மாற்றி எழுத முடியாது.

இவற்றைவிடப் பெரிய குறை, இந்த முறை கேட்காமல் விடும் கேள்விகள். அறுபதைத் தாண்டிய அம்மா இரவில் எத்தனை அடி நடந்து கழிப்பறைக்குப் போக வேண்டும்? நாளை சக்கர நாற்காலி வந்தால் இரண்டரை அடிப் பாத்ரூம் கதவில் நுழையுமா? மாடியை வாடகைக்கு விடுவதென்றால் படிக்கட்டு ஹாலுக்குள்ளே இருக்கலாமா? வாஷிங் மெஷின், கிரைண்டர், காஸ் சிலிண்டர் எங்கே போகும்? விருந்தாளி ஹாலில் இருக்கும்போது குளித்து வருகிறவர் எந்த வழியாக அறைக்குப் போவார்? அன்றாடம் வீட்டை நல்லதாகவோ கெட்டதாகவோ ஆக்குபவை இவைதான். மனையடியின் பலன் பட்டியலில் இவற்றுக்கு விடை கிடையாது.

என் தீர்ப்பு இதுதான்: வாஸ்துவைத் திசைக்குக் கேளுங்கள், காரணத்தோடு கேளுங்கள், அறையின் அளவுக்குக் கேட்காதீர்கள். பிளான் போடும் முன் வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து, காலை முதல் இரவு வரை யார் எங்கே புழங்குவார்கள் என்று எழுதுங்கள். கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ், வண்டி எல்லாவற்றையும் டேப் வைத்து அளந்து, அந்த அளவுகளை இன்ஜினீயரிடம் கொடுங்கள். உங்கள் ஊரில் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை அந்தத் தெருவில் குடியிருப்பவர்களிடம் கேளுங்கள். பிறகு மனையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, ஒவ்வோர் அறைக்குள்ளும் நின்று பாருங்கள். அந்த நிலையில் ஒரு கோட்டை இரண்டடி தள்ளிப் போட ஒரு கைப்பிடிச் சுண்ணாம்பு போதும். சுவர் எழும்பிவிட்டால் லட்சங்கள் வேண்டும்.