அடங்காப்பிடாரிக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர்?

தமிழ்க் கதைகளின் ஆங்கில மொழிபெயர்ப்பு கைக்கு வந்தால் நான் முதலில் தேடிப் பார்ப்பது வசைச்சொற்களைத்தான். மழையும் வயலும் எப்படியாவது அக்கரை சேர்ந்துவிடும். பெண்ணைத் திட்டும் சொல் என்ன ஆனது என்று பார்த்தால், மொழிபெயர்ப்பவர் யார் பக்கம் நின்று கதையைப் படித்திருக்கிறார் என்பது தெரிந்துவிடும். ‘அடங்காப்பிடாரி’ அப்படி ஒரு சோதனைச் சொல்.

பிடாரி ஊர்த்தெய்வம். பல ஊர்களில் கணவன் துணை இல்லாமல் தனித்து நிற்பவள், எல்லையைக் காப்பவள். தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகள் ஊர்களில் வரி நீக்கிய நிலங்களைச் சொல்லும்போது பிடாரி கோயில்களையும் குறிப்பிடுகின்றன. ஆயிரம் ஆண்டுகளாக ஊர் அவளுக்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறது. அவளைக் கும்பிடும் அதே வாய்தான், எதிர்த்துப் பேசும் பெண்ணின் மேல் அவள் பெயரை வசையாக எறிகிறது. அந்த வசைக்குள் பயம் இருக்கிறது; பயத்துக்குள் கொஞ்சம் மரியாதையும் ஒளிந்திருக்கிறது.

இதற்கு ஆங்கிலத்தில் சட்டென்று நினைவுக்கு வரும் சொல் ‘ஷ்ரூ’. ஷ்ரூ என்றால் மூஞ்சூறு. அதன் கடி விஷம் என்ற பழைய நம்பிக்கை அங்கே உண்டு. இடைக்கால ஆங்கிலத்தில் கெட்ட ஆணையும் இப்படித்தான் அழைத்தார்கள்; பிறகு அது பெண்ணின் மேல் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஷேக்ஸ்பியரின் ‘தி டேமிங் ஆஃப் தி ஷ்ரூ’ நாடகத்தில் கேத்தரீனா கடைசியில் மனைவியின் பணிவைப் பற்றி நீண்ட உரை ஆற்றுகிறாள். ஷ்ரூ என்று எழுதும்போது அந்தக் கதையும் பின்னால் வருகிறது: இவள் அடக்கப்படுவதற்கென்றே காத்திருக்கும் பெண். நம் பிடாரியை மூஞ்சூறாக்குவது சிறிய இழப்பு இல்லை.

‘டெர்மகன்ட்’ என்ற சொல் விசித்திரமானது, ஏனென்றால் அதுவும் ஒரு தெய்வத்தின் பெயர். இடைக்கால ஐரோப்பியக் கிறித்தவர்கள், முஸ்லிம்கள் வணங்குவதாகத் தாங்களே கற்பனை செய்துகொண்ட கடவுள் அது. ஆங்கில நாடக மேடையில் கத்தி ஆர்ப்பாட்டம் செய்யும் பாத்திரமாகி, கடைசியில் சண்டைக்காரப் பெண்ணைக் குறிக்கும் சொல்லாகத் தேய்ந்தது. தெய்வம் வசையான கதை இரண்டு மொழியிலும் இருக்கிறது என்று மகிழ்ந்துவிட முடியாது. டெர்மகன்ட்டை யாரும் வணங்கவில்லை. அது அடுத்தவரின் மதத்தைக் கேலி செய்யப் படைத்த பொம்மை. பிடாரிக்கு இன்றும் பொங்கல் வைக்கிறோம்.

புகழ்வதுபோல் வரும் சொற்களிலும் கவனம் வேண்டும். ‘விராகோ’ லத்தீனில் ஆணைக் குறிக்கும் ‘விர்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. ஆண்போன்ற வீரம் உள்ளவள் என்று பொருள்பட்ட சொல், நாளடைவில் சண்டைக்காரி என்றானது. 1973இல் லண்டனில் கார்மென் காலில் தொடங்கிய பெண்ணியப் பதிப்பகம் அதையே பெயராகச் சூடி மீட்டெடுத்தது. ஆனாலும் அளவுகோல் ஆண்தான். இன்று புத்தகப் பின்னட்டைகளில் அடிபடும் ‘ஃபீஸ்டி’ சிறு நாயைக் குறித்த ஓர் அமெரிக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. ஆளோ சின்னது, குரைப்போ பெரிது என்று தட்டிக்கொடுக்கும் தொனி அதில் இன்னும் போகவில்லை.

அப்படியானால் நேரடியான பெயரடைகள்? அன்டேம்ட், அன்கன்ட்ரோல்ட், அன்கவர்னபிள்? இங்கேதான் பள்ளியில் படித்த இலக்கணம் கைகொடுக்கிறது. ‘அடங்கா’ என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். அதன் வேர் ‘அடங்கு’ என்ற தன்வினை. ‘அடக்கு’ என்ற பிறவினை இல்லை. அடங்காதவள் என்று சொல்லும்போது வினை அவளுடையது: அவள் அடங்கவில்லை. மேலே சொன்ன மூன்று ஆங்கிலச் சொற்களும் பிறவினையிலிருந்து பிறந்தவை. அடக்கப்படாதவள், கட்டுப்படுத்தப்படாதவள், ஆள முடியாதவள். மூன்றிலும் ஒரு கை அவளை நோக்கி நீண்டிருக்கிறது. வினை அந்தக் கைக்குச் சொந்தம். தமிழில் எழுவாயாக நின்றவள் ஆங்கிலத்தில் செயப்படுபொருள் ஆகிவிடுகிறாள். ‘டிஃபையன்ட்’, ‘அன்யீல்டிங்’ போன்ற சொற்களில் வினை அவளிடமே இருக்கிறது. அவற்றில் பிடாரி இல்லை; ஆனால் பெண் இருக்கிறாள்.

அதற்காக ஒரே சொல்லை எல்லா இடத்திலும் பொருத்தலாம் என்று நான் சொல்லவில்லை. பேசுவது யார் என்று பார்க்க வேண்டும். “அந்த அடங்காப்பிடாரியைக் கட்டிக்கிட்டு எம்புள்ள என்ன பாடுபடப் போறானோ” என்று ஒரு மாமியார் புலம்பினால், அங்கே அன்கவர்னபிள் சரியான சொல். அவர் ஆளும் இடத்திலிருந்து பேசுகிறார். அந்த நாற்காலியின் அதிகாரம் ஆங்கிலத்திலும் தெரியட்டும். வசையை மென்மையாக்கினால் அதிகாரத்தையும் மறைத்தவர்கள் ஆவோம். “எம்பேத்தி அடங்காப்பிடாரிடி, அவகிட்ட வாயக் குடுக்காத” என்று ஒரு பாட்டி சிரித்தால் அது வேறு. அந்தப் பெருமைக்குப் பெயரடை போதாது. யாருக்கும் தலை வணங்காதவள் என்ற பொருளில் ‘ஷி பௌஸ் டு நோ ஒன்’ என்று ஒரு தொடரே வேண்டும். இரண்டு இடத்திலும் ஒரே ஆங்கிலச் சொல்லை வைத்தால் மாமியாரும் பாட்டியும் ஒரே ஆளாகிவிடுவார்கள்.

பிடாரியை என்ன செய்வது? பிடாரி என்றே விட்டுவிடலாம். கதையில் அவள் கோயிலோ கொடையோ வரும் இடம் இருந்தால், வாசகி தானே புரிந்துகொள்வாள். கிரேக்கப் பெண் தெய்வங்களை அடிக்குறிப்பு இல்லாமல் படிக்கப் பழகிய ஆங்கிலத்துக்கு இன்னும் ஒருத்தியைத் தெரிந்துகொள்வது பெரிய சுமை இல்லை.

‘அடங்க மறு’ என்பது விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் முழக்கம். சாதிக்கு எதிராக எழும்போது இதே வினை அறைகூவலாக இருக்கிறது. ஆணுக்குத் திரைப்படத் தலைப்பாகவும் ஆகிறது. பெண்ணிடம் வரும்போது மட்டும் வசை. தமிழில் நடக்கும் இந்த ஓரவஞ்சனையை ஆங்கிலத்தில் இரட்டிப்பாக்க வேண்டாம். ஒரு பெயரடையை எழுதுவதற்கு முன் மாணவிகள் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்விகள் இரண்டுதான்: இதைச் சொல்வது யார்? இதில் வினை யாருடையது?