ஐந்து மருந்துக் குளிகையும் உப்பளத்து வியர்வையும்

இதயத்தைக் காக்கும் ஐந்து மருந்துகளை ஒரே குளிகையில் அடக்கியது 'பாலிகேப்'. இந்தியாவின் 50 மையங்களில் 2,053 பேரிடம் 12 வாரம் சோதித்து, 2009-இல் 'லான்செட்' இதழில் முடிவை வெளியிட்டார்கள். இரத்த அழுத்தமும் கொழுப்பும் குறைந்தன. தினமும் ஐந்து மாத்திரை விழுங்க யாருக்குத்தான் நினைவிருக்கும்? முயற்சி பாராட்டத்தக்கதே.

ஆனால், நீரிழிவு உள்ளவர் இதை உண்டால் என்ன ஆகும்? குளிகையிலுள்ள தையசைடும் சிம்வாஸ்டாட்டினும் இரத்தச் சர்க்கரையைச் சற்றே உயர்த்தக்கூடும். இதில் பெரிய அச்சம் வேண்டாம். இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். எனது குறை அட்டெனலால் பற்றியது.

இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவருக்குச் சில வேளை சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிடும். உடனே அட்ரினலின் சுரந்து நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். உடல் அடிக்கும் எச்சரிக்கை மணி அது. அட்டெனலால் அந்த மணியின் ஓசையை மங்கச் செய்கிறது. வியர்வையை அது தடுப்பதில்லை. வியர்வைச் சுரப்பிகளைத் தூண்டுவது அசெட்டைல்கோலின் என்ற வேறொரு பொருள். ஆகவே, "வியர்த்தால் விழித்துக்கொள்ளுங்கள்" என்று நூல்கள் அறிவுரை கூறுகின்றன.

மின்விசிறியின் கீழ் அமர்ந்து எழுதிய அறிவுரை இது! தூத்துக்குடி உப்பளத்தில் சித்திரை வெயிலில் உப்பு வாருபவருக்கு எந்த வியர்வை வெயிலால் வந்தது, எது சர்க்கரை தாழ்ந்ததால் வந்தது என்று எப்படித் தெரியும்? முத்துக்குளிப்பு நின்று போயிற்று; சங்கு குளிப்போர் இன்றும் உண்டு. கடலுக்குள் மூழ்கியவருக்கு வியர்வை தெரியவே தெரியாது. தலை கிறுகிறுத்து அறிவு மயங்கும்போது அவர் நீரடியில் இருப்பார்.

இதற்காக மாத்திரையைத் தாமே நிறுத்துவது இன்னும் ஆபத்து. அட்டெனலாலைத் திடீரென விட்டால் நெஞ்சுவலி, மாரடைப்புக்கூட வரலாம். தனி மாத்திரையாக இருந்தால், நோயாளியின் தொழிலைக் கேட்டறிந்த மருத்துவர் அதை மட்டும் படிப்படியாகக் குறைத்து வேறொன்றைத் தரலாம். ஐந்தும் ஒட்டிய குளிகையில் அதற்கு வழியில்லை.

அட்டெனலால் இல்லாமலே இத்தகைய குளிகை செய்ய முடியாதா? ஈரானில் செய்தார்கள். கிராமப்புற மக்கள் உள்ளிட்ட 6,838 பேரிடம் நடந்த அந்த ஆய்வின் முடிவு 2019-இல் வெளிவந்தது. அவர்கள் குளிகையில் ஆஸ்பிரின், கொழுப்பு மருந்து, தையசைடு, அழுத்தத்தைக் குறைக்கும் வேறொரு மருந்து ஆகிய நான்கே இருந்தன. பெரிய இதய, இரத்தக்குழாய்ப் பாதிப்புகள் குளிகை பெறாதவர்களில் 8.8 சதவீதம், பெற்றவர்களில் 5.9 சதவீதம்.