கணக்கு முடிக்கும் உரிமை

ஆடி பிறந்தால் புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்கே, ஆலங்குடி வட்டாரத்துக் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் என்று ஊர் ஊராகப் பந்தல் எழும்பும். தஞ்சை மாவட்டத்துப் பேராவூரணிப் பக்கமும் இதே வழக்கம்தான். கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை. மொய் வாங்குவதற்கென்றே வைக்கிற விருந்து. பத்து இருபது குடும்பங்கள் செலவைப் பங்கு போட்டுக்கொண்டு ஒரே பந்தலில் கறிச்சோறு போடும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி மேசை, தனி நோட்டு, பணம் போட ஒரு பாத்திரம். சாப்பிட்டு எழுந்தவர்கள் தங்களுக்கு வேண்டிய மேசைகளுக்குப் போய்ப் பணத்தைக் கொடுத்து, ஊரையும் பெயரையும் சொல்லி எழுத வைத்துவிட்டுப் போவார்கள். 2019ஆம் ஆண்டு ஆடியில் வடகாட்டில் ஒருவர் வைத்த விருந்தில் சுமார் 4 கோடி ரூபாய் விழுந்ததாகச் செய்தி வந்தபோது, வெளியூர்க்காரர்கள் இப்படியும் ஒரு வழக்கமா என்று வியந்தார்கள். நோட்டு எண்ணும் இயந்திரமும் கணினியும் காவலுக்கு ஆளும் இன்று பெரிய பந்தல்களில் வாடிக்கையாகிவிட்டன.

இந்த வழக்கத்தைப் பற்றி இரண்டு பேச்சுகள் உண்டு. ஊருக்குள் கேட்டால், ஒருத்தருக்கு ஒருத்தர் செய்கிற உதவி என்பார்கள். வெளியே கேட்டால், சோறு போட்டுப் பணம் கறக்கிற வேலை என்பார்கள். இரண்டுமே உண்மையைத் தொடவில்லை என்பது என் எண்ணம். மொய் விருந்தைத் தாங்கி நிற்பது தருமமும் அல்ல, பேராசையும் அல்ல. தன் குடும்பத்துக்கு ஒரு பெரிய தொகை ஒரே நாளில் வேண்டும் என்று கணக்குப் போடுகிற, மற்றவனுக்கும் அந்தக் கணக்கு உண்டு என்று ஒத்துக்கொள்கிற சுயநலம். அதைச் சொல்ல யாரும் கூச வேண்டியதில்லை. இதில் மதிக்கத்தக்கது எது, திருத்த வேண்டியது எது என்பதை அந்தச் சுயநலத்தை ஒப்புக்கொண்ட பிறகுதான் பார்க்க முடியும்.

தமிழ்நாட்டில் பலருக்கு மொய் விருந்து என்றால் 1992இல் வந்த 'சின்ன கவுண்டர்' படம்தான் நினைவுக்கு வரும். கடனில் சிக்கிய பெண் ஊருக்குச் சோறு போடுவாள். சாப்பிட்டவர்கள் இலைக்கு அடியில் பணம் வைத்துவிட்டுப் போவார்கள். அது உதவி. கீரமங்கலத்து மேசையில் நடப்பது வேறு. இங்கே கொடுத்தவர் பெயரும் தொகையும் நோட்டில் ஏறுகின்றன. ஐந்து ஆண்டுக்குள் அவர் விருந்து வைக்கும்போது அந்தத் தொகை திரும்பிப் போயாக வேண்டும். அப்படித் திரும்புவது பழைய நடை. அதன் மேல் கூடுதலாக வைப்பது புது நடை. ஆயிரம் வாங்கியவர் இரண்டாயிரம் வைத்தால் ஆயிரம் கடன் தீர்ந்தது, ஆயிரம் புதிதாகக் கொடுத்தது. ஒருவர் பொதுவாக ஐந்து ஆண்டுக்கு ஒரு முறைதான் விருந்து வைப்பார். இடைப்பட்ட ஆண்டுகளில் மற்றவர்களுக்குச் செய்துகொண்டே வருவார்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஐந்து ஆண்டில் ஒரு விவசாயி பல பந்தல்களில் 6 லட்சம் செய்திருக்கிறார். அவர் முறை வரும்போது 10 லட்சம் விழுகிறது. இதில் 6 லட்சம் அவருடைய சொந்தச் சேமிப்புதான். மீதி 4 லட்சம் புதுக் கடன். அதை ஒரே தவணையில் கட்ட வேண்டாம். அடுத்த ஐந்து ஆண்டில் ஒவ்வொருவர் முறை வரும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தீரும். சேமிப்பும் கடனும் ஒரே நோட்டில் இருக்கின்றன. ஜாமீன் இல்லை, பத்திரம் இல்லை, மேலாளர் அறைக்கு வெளியே காத்திருப்பது இல்லை. ஆழ்குழாய்க் கிணறு போடவும், பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கவும், மகனைச் சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ அனுப்பவும் இந்தப் பணம் உதவியிருக்கிறது. மழையை நம்ப முடியாத செம்மண் காட்டில் பூவும் வாழையும் பலாவும் தென்னையும் வளர்ந்து நிற்பதற்கு நிலத்தடி நீர் வேண்டும். அந்த நீரை எட்டுவதற்கு முதல் வேண்டும். சிறு விவசாயிக்கு வங்கி அவ்வளவு எளிதில் தராத முதலை அக்கம்பக்கத்து ஊர்கள் தந்தன.

அயன் ராண்ட் இந்தப் பந்தலுக்கு வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பார்க்கத் தோன்றுகிறது. ரஷ்யாவில் பிறந்து அமெரிக்காவில் எழுதிய அவர், சுயநலம் ஓர் அறம் என்று 1964இல் புத்தகமே போட்டவர். பிறருக்காகத் தன்னைப் பலியிடும் கடமை எவருக்கும் இல்லை, தனக்காகப் பிறரைப் பலியிடும் உரிமையும் எவருக்கும் இல்லை. விரும்பி வந்து மதிப்புக்கு மதிப்பு மாற்றிக்கொள்ளும் வணிகர்களைப் போல மனிதர்கள் பழக வேண்டும் என்பது அவர் கொள்கையின் சாரம். மொய் மேசையில் அவருக்குப் பிடித்தது நிறைய இருந்திருக்கும். வாங்குகிறவர் இங்கே தலை குனிவதில்லை. நன்றி சொல்லிக் கொண்டிருப்பதும் இல்லை. நேற்று நான் உனக்குச் செய்தேன், இன்று நீ எனக்குச் செய்கிறாய், நாளை நான் திரும்பச் செய்வேன். கொடுத்தவர் தாழ்ந்தும் போகவில்லை, உயர்ந்தும் போகவில்லை. இல்லாதவன் இருப்பவன் வீட்டுத் திண்ணையில் நின்று கேட்ட காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம். தருமம் தராத மானத்தைக் கணக்கு தந்திருக்கிறது. மொய் விருந்தின் மிகப் பெரிய பலம் என்று நான் இதைத்தான் சொல்வேன்; பணத்தின் அளவு அதற்குப் பிறகுதான்.

ஆனால் ராண்டின் கொள்கைக்கு ஒரு முன்நிபந்தனை இருக்கிறது. மாற்றிக்கொள்கிற இருவரும் தாமாக விரும்பி வந்திருக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லி விலகுகிற வழியும் திறந்திருக்க வேண்டும். மொய் விருந்து தடுமாறுகிற இடம் இதுதான். பிரெஞ்சு மானுடவியலாளர் மார்செல் மோஸ், பரிசளிப்பைப் பற்றி 1925இல் எழுதிய ஆய்வில், பார்க்க மனமுவந்து தருவது போலத் தெரிகிற பரிசுக்குப் பின்னால் கொடுத்தாக வேண்டும், பெற்றாக வேண்டும், திருப்பித் தந்தாக வேண்டும் என்கிற மூன்று கட்டாயங்கள் இருப்பதைக் காட்டினார். அவர் முக்கியமாகப் பார்த்தது பசிபிக் தீவுகளையும் வட அமெரிக்கப் பழங்குடிகளையும். ஆனால் ஆடி மாத ஆலங்குடிக்கும் அது அப்படியே பொருந்தும். பத்திரிகை வந்தால் போயாக வேண்டும். போனால் வைத்தாக வேண்டும். பழைய நடையை மட்டும் வைத்தால் கணக்கு தீரும். ஆனால் அப்படி வைப்பது உறவை முறிப்பதாகப் பார்க்கப்படுகிறது. அதனால் புது நடையும் வைக்கிறார்கள். புது நடை வைத்தால் அதைத் திரும்ப வாங்க விருந்து வைக்க வேண்டும். விருந்து வைத்தால் இன்னும் பலர் புது நடை வைப்பார்கள். உள்ளே வருவதற்குக் கதவு இருக்கிறது. வெளியே போவதற்குச் சரியான கதவு இல்லை.

ஆதம் ஸ்மித்தின் பெயரைச் சுயநலத்தோடு சேர்த்தே சொல்வார்கள். கசாப்புக் கடைக்காரரும் ரொட்டிக்காரரும் தங்கள் ஆதாயத்தை நினைத்துத்தான் நமக்குச் சாப்பாடு தருகிறார்கள் என்று 1776இல் அவர் எழுதியது புகழ்பெற்றது. அதற்கு முன்பே, 1759இல் வந்த அவருடைய அறவியல் நூல், மனிதன் பிறருடைய மதிப்புக்கு எவ்வளவு ஏங்குகிறான் என்பதை விரிவாகப் பேசியது. மொய்ப் பந்தலில் வேலை செய்வது அந்த இரண்டாவது ஸ்மித். பணம் திரும்பி வருவதை உறுதி செய்வது சட்டம் அல்ல, மானம். நோட்டில் எழுதிய வரிக்குக் கையெழுத்து இல்லை. அதைப் புரோநோட்டு போல நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக முடியாது. செய்யாமல் விட்டவர் பெயர் ஊரில் கெடும், வீட்டு வாசலுக்கு ஆள் வந்து கேட்கும். நம்பிக்கையைக் காப்பதும் அந்த மானம்தான், ஆளைக் கட்டிப்போடுவதும் அதே மானம்தான்.

வட்டியில்லாக் கடன் என்று இதைப் புகழ்வதையும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். முன்பு சொன்ன விவசாயிக்கே வருகிறேன். பந்தல், பத்திரிகை, கறி என்று அவர் பங்குக்கு 1 லட்சம் செலவானால், அந்தச் செலவுதான் 4 லட்சம் புதுக் கடனுக்கு அவர் கட்டிய வட்டி. கடன் ஐந்து ஆண்டில் சிறிது சிறிதாகத் தீர்வதால் சராசரியாக இரண்டரை ஆண்டு அவர் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்; அப்படியானால் ஆண்டுக்குப் 10 சதவீதம். நுண்கடன் நிறுவனங்கள் வாங்குகிற 20 சதவீதத்துக்கு மேற்பட்ட வட்டியோடும், 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகும் ஒழியாத கந்துவட்டியோடும் பார்த்தால் இது குறைவுதான். ஆனால் வட்டியே இல்லை என்று சொல்ல முடியாது. சேமித்த தன் பணத்தைத் திரும்ப எடுக்கவும் அவர் ஊருக்குச் சோறு போட்டாக வேண்டும் என்பது இதைவிடக் கனமான விஷயம். கூட்டுப் பந்தல் என்கிற ஏற்பாடு இந்தச் செலவைக் குறைக்க ஊரே கண்டுபிடித்த வழி. யாரும் மேலிருந்து சொல்லித் தராமல் மக்கள் தாமே செய்துகொண்ட திருத்தம் அது. அதைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

விலைவாசி இன்னொரு பக்கம் அரிக்கிறது. ஆண்டுக்கு 6 சதவீதம் விலை ஏறினால், இன்று வைத்த ஆயிரம் ஐந்து ஆண்டு கழித்து ஆயிரமாகவே திரும்பும்போது அதன் மதிப்பு ஏறக்குறைய 750 ரூபாய்தான். பெரிய தொகை புழங்குகிற குடும்பம் அந்த இழப்பைத் தான் வாங்கும் புதுக் கடனில் ஈடுகட்டிவிடும். கூலி வேலை செய்து ஐந்நூறு ஐந்நூறாக வைக்கிற குடும்பத்துக்கு அந்த வழி குறைவு. அதிலும் ஆடியில் ஒரே நாளில் இரண்டு மூன்று பந்தல்கள் வரும். கையில் காசு இல்லாதபோது நகையை அடகு வைத்தோ வட்டிக்கு வாங்கியோ மொய் செய்கிறவர்கள் உண்டு. வட்டியில்லாப் பணத்தைச் சுற்றி வரச் செய்வதற்கு வட்டிப் பணம் தேவைப்படுகிறது என்றால், அந்த வட்டியை யார் கட்டுகிறார்கள் என்று கேட்டாக வேண்டும். பெரும்பாலும் கட்டுவது இந்த வட்டத்தின் ஓரத்தில் இருப்பவர்கள்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் இந்த வட்டாரத்தின் தென்னையைச் சாய்த்துப் போட்டது. காய்ப்புக்கு வர ஆண்டுக்கணக்கில் பிடிக்கிற மரம் அது. 2020இல் கொரோனா ஊரடங்கு வந்தது. கூட்டம் கூட முடியவில்லை. இரண்டிலும் அடி வாங்கியவர்கள், நான்கைந்து ஆண்டு செய்துவிட்டுத் தங்கள் முறைக்காகக் காத்திருந்தவர்கள். வங்கி வைப்புக்கு ஐந்து லட்சம் வரை காப்பீடு உண்டு. மொய் நோட்டுக்கு எதுவும் இல்லை. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கஷ்டம் வந்தால் ஒருவரை ஒருவர் தாங்க முடியாது என்பது இந்த வகை ஏற்பாடுகள் எல்லாவற்றுக்கும் உள்ள குறை. ஆனாலும் புயலுக்குப் பிறகும் ஊரடங்குக்குப் பிறகும் நோட்டுகளைத் தூக்கி எறியாமல் கணக்கைத் தொடர்ந்தார்கள். எந்த அரசு உத்தரவும் இல்லாமல் கோடிக்கணக்கான ரூபாய்க்கு வாய்ச்சொல் தாக்குப்பிடித்தது.

அப்படியானால் அரசு உள்ளே வந்து ஒழுங்குபடுத்த வேண்டுமா? சீட்டுக்கு 1982இலேயே மத்தியச் சட்டம் வந்துவிட்டது. மொய் விருந்துக்கும் பதிவும் உரிமமும் வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நான் வேண்டாம் என்கிறேன். சீட்டில் நடுவில் ஒரு நிறுவனம் நின்று எல்லார் பணத்தையும் வைத்திருக்கிறது, அது ஓடிப்போகலாம். இங்கே நடுவில் யாரும் இல்லை. உரிமம் என்று வந்தால் அந்த இடத்தில் ஓர் அலுவலர் வந்து உட்காருவார். 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கிய ராஜாஜி, உரிமம், அனுமதி, ஒதுக்கீடு என்று விரியும் ஆட்சியைப் பற்றி விடாமல் எச்சரித்தார். அவருடைய மற்ற அரசியலை ஏற்காதவர்களும் இந்த எச்சரிக்கையைக் கேட்கலாம். மக்கள் தம் பணத்தைத் தம் நம்பிக்கையில் மாற்றிக்கொள்வது அவர்களுடைய சுதந்திரம்.

அதே சுதந்திரத்தின் பெயரால்தான் ஊரிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. வேண்டாம் என்கிறவரை விட்டுவிட வேண்டும். பழைய நடையை மட்டும் வைத்துக் கணக்கை முடிப்பவரை உறவை முறித்தவராகப் பார்க்கிற வழக்கம் போக வேண்டும். வாங்கியதை ஒரு ரூபாய் குறையாமல் திருப்பிக் கொடுத்தவர் யாருக்கும் எதுவும் பாக்கி வைக்கவில்லை. சந்தையின் அறத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் வாங்குவதையும் விற்பதையும் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். விலகுகிறவருக்கு அந்தச் சந்தை என்ன மரியாதை தருகிறது என்பதும் அதே அளவு முக்கியம். பத்திரிகையிலேயே பழைய நடை மட்டும் போதும் என்று ஒருவர் அச்சடித்தால், அடுத்தவருக்கும் அதைச் செய்யத் துணிச்சல் வரும். விருந்து இல்லாமல் மொய்யை மட்டும் வாங்கிக்கொள்கிற வழியையும் வைத்துக்கொள்ளலாம். கறி போட முடியாத குடும்பம் தன் பணத்தை எடுக்க அது ஒன்றே போதும்.

இந்த விலகல் யாருக்கு மிகவும் தேவை என்று கேட்டால், நோட்டில் தன் பெயர் இல்லாதவர்களுக்கு என்பேன். மொய் பெரும்பாலும் வீட்டு ஆண் பெயரில் எழுதப்படுகிறது. பணத்தைச் சேர்ப்பதும், ஆடிக்கு முன் எங்கே புரட்டலாம் என்று தவிப்பதும் பெண்ணாக இருந்தாலும் பெயர் ஆணுடையது. அவர் இறந்துவிட்டால் பாக்கி வீட்டுக்கு வந்துவிடும். வர வேண்டியதை வாங்குவது அந்தப் பெண் போய்க் கேட்டுப் பெறுகிற விஷயமாகிவிடும். தான் ஒப்புக்கொள்ளாத ஒப்பந்தத்துக்குத் தான் பொறுப்பாவது, ராண்ட் கணக்கிலும் சரி, நம் ஊர் நியாயத்திலும் சரி, நிற்காது. கணவனும் மனைவியும் சேர்ந்து வைக்கிற மொய்க்கு இருவர் பெயரையும் எழுதலாம். விதவைக்கு ஒரு முறை விருந்தில்லாமல் பழைய நடையை வசூலித்துக் கொடுத்து, அவர் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு, தொடர்வதா முடிப்பதா என்பதை அவரிடமே விட்டுவிடலாம். இதற்குச் சட்டமோ ஊர்க்கூட்டமோ வேண்டியதில்லை. மேசையில் நோட்டோடு உட்கார்ந்திருப்பவர், பணம் நீட்டுகிற பெண்ணிடம் யார் பெயரில் எழுதட்டும் என்று ஒரு தடவை கேட்டால் தொடங்கிவிடலாம்.