சீக்கிரம் காயும் மை

கதையை விமரிசிக்கிறோம், கதை எழுதிய மையை யாரும் விமரிசிப்பதில்லை. ஆனால் பேனாவால் எழுதி, கணினியில் அச்சுக் கோக்கிறவரிடம் பிரதியைக் கொடுக்கும் என் போன்றவர்களுக்கு அது அற்ப விஷயமல்ல. அவர் படிப்பது எங்கள் மனத்தை அல்ல, மையைத்தான்.

“பௌண்டன் பேனாவுக்குச் சீக்கிரம் காயும் கறுப்பு மை எது?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் புட்டிக்குள்ளேயே பதில் முழுவதும் இருக்கிறதென்று நினைப்பதுதான் சரியல்ல.

எங்கள் விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் இதற்கு நல்ல உதாரணம் கிடைக்கும். முதல் சூட்டில் வெந்து, இன்னும் மெருகு பூசாத பொம்மையின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உடனே உறிஞ்சிவிடும். மெருகேற்றிச் சுட்ட பிறகு விட்டால் அதே சொட்டு முத்துப்போல நிற்கும். காகிதமும் அப்படியே. வழவழப்பான தாளில் மை காற்றில் காயவேண்டியிருக்கிறது. சொரசொரப்பான தாள் அதைக் குடித்துவிடுகிறது. நிப்பு தடியானால் மை அதிகம் இறங்கும், காய்வதற்கும் நேரமாகும். ஆக, தாள், நிப்பு, மை மூன்றும் சேர்ந்த காரியம் இது.

மைக்காரர்கள் வெகுநாளாக இந்த அவசரத்தோடு மல்லாடியிருக்கிறார்கள். பார்க்கர் கம்பெனி 1931-இல் ‘குவிங்க்’கைக் கொண்டுவந்தபோது, ‘சீக்கிரம்’, ‘மை’ என்னும் இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒட்டியே பெயர் வைத்தது. பிறகு 1947-இல் வந்த அதன் ‘சூப்பர்குரோம்’ இன்னும் வேகமானது, காரம் மிகுந்தது. பேனாவின் உறுப்புகளையே அரிக்கக் கூடியது. நம் காலத்தில் அமெரிக்காவின் நூட்லர்ஸ் கம்பெனி ‘பெர்னான்கே பிளாக்’ என்று ஒன்று செய்தது. 2006 முதல் 2014 வரை அந்நாட்டு மத்திய வங்கியின் தலைவராக இருந்தவர் பென் பெர்னான்கே. நோட்டு அச்சடிக்கிற அவசரத்துக்கு ஏற்ற மை என்று கேலி! கேலி நன்றாக இருக்கிறது. மையும் சடுதியில் காய்கிறது. ஆனால் மட்டமான தாளில் வேர்விட்டுப் பரவுகிறது. மறுபக்கத்தையும் எட்டிப் பார்க்கிறது.

தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதுகிறவனுக்கு மறுபக்கத்தைப் பற்றிக் கவலையில்லை. பரவுவதுதான் ஆபத்து. ஏனென்றால் நம் எழுத்து சுழியாலும் புள்ளியாலும் நிற்பது. சுழிகள் அடைத்துக்கொண்டால் இரண்டு சுழி ‘ன’வுக்கும் மூன்று சுழி ‘ண’வுக்கும் என்ன வித்தியாசம்? கதாநாயகியின் ‘மனம்’ ‘மண’மாகிவிட்டால் கதையே போயிற்று. ஓலை கிழிந்துவிடுமென்று அஞ்சி, எழுத்தாணிக்காரர்கள் புள்ளியிடாமல் விட்டார்கள். அந்தச் சுவடிகளைப் படித்துப் பாடம் தீர்மானிக்க உ.வே. சாமிநாதையர் போன்றவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. நல்ல காகிதம் இருக்கும்போது நாமாகவே அந்தச் சிரமத்தைத் திரும்ப வரவழைப்பானேன்?

கறுப்பிலும் ஜாதிகள் உண்டு. சாதாரணச் சாயக் கறுப்பு பேனாவுக்குச் சாது. ஐப்பசி மழையில் நனைந்தால் பெரும்பாலும் கரைந்துவிடும். நம் முன்னோர் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துச் செய்த மை, காற்றுப் பட்டுக் கறுத்துத் தாளைப் பற்றிக்கொள்ளும். அந்த வகையைப் பேனாவில் நாட்கணக்கில் காயவிடக் கூடாது. கரி மை வெளுக்காது. ஆனால் படம் வரைகிற, அரக்குச் சேர்ந்த மையைப் பேனாவில் ஊற்றினால் பேனாவுக்குச் சமாதிதான். பேனாவுக்கென்றே செய்த ‘பிளாட்டினம் கார்பன்’ போன்றதாக இருக்கவேண்டும்.

இடக்கையால் எழுதுகிறவர்களுக்கும், வரிசையாகக் கையெழுத்துப் போடுகிற உத்தியோகஸ்தர்களுக்கும் வேகம் அவசியம். அவர்கள் கொஞ்சம் பரவினாலும் பொறுத்துக்கொள்ளலாம். கதை எழுதுகிறவனுக்கு என் யோசனை வேறு. முதலில் மெல்லிய நிப்பு. பிறகு, தான் வழக்கமாக எழுதும் தாளிலேயே ‘கண்ணன் மணம்’ என்று எழுதிப் பார்க்கட்டும். பத்து எண்ணி விரலால் தேய்க்கட்டும். காய்ந்த பின் ஒரு சொட்டுத் தண்ணீர் விடட்டும். மூடாத பேனா ஐந்து நிமிஷம் கழித்தும் உடனே எழுதுகிறதா என்று பார்க்கட்டும். இவற்றில் தேறியதுதான் அவனுடைய மை. சுழி அடைந்தால் மற்றதெல்லாம் தேறியும் பிரயோஜனமில்லை.

பார்க்கர் தன் மைக்கு வேகத்தின் பெயரை வைத்தது. 1934-இல் வங்காளத்தில் சுதேசி உணர்ச்சியோடு தொடங்கியவர்கள் தங்கள் மைக்கு வைத்த பெயர் ‘சுலேகா’. நல்ல எழுத்து என்று அர்த்தம். எனக்கு இரண்டாவது பெயர்தான் பிடித்திருக்கிறது. பத்து விநாடி காத்திருப்பதால் எந்தக் கதையும் கெட்டுப்போனதில்லை.